மணலில் மூன்று நாள்

தம்பியின் இடது கண்ணைப் பறித்த கத்தி, மூன்று மாதமாக உலையக்காவின் அலமாரியில் பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, கொழுந்தன். ஆனால் கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த அன்று, பன்னிரண்டு வயதில் கதவோரம் நின்றுகொண்டு, "அண்ணி, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டவன் அவன். அப்படிப்பட்டவனைக் கொழுந்தன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாகத் தம்பிதான்.

கத்தி என்றால் சமையலறைக் கத்தி இல்லை. முழங்கை நீளம், இரண்டு விரல் கனம், எஃகை உருக்கி மணல் அச்சில் ஊற்றி எடுத்தது. பிரஸ் இயந்திரத்தில் பூட்டினால் தகரத் தகட்டின் ஓரங்களை நிமிடத்துக்கு இருபது வெட்டு வெட்டித் தள்ளும். அதை ஊற்றுவது அவள் வீட்டுக்காரர். வார்ப்புக் கூடத்தில் அவருக்கு மணல்காரர் என்று பெயர். ஊற்றியதை உலையில் வைத்துக் கெட்டிப்படுத்துவது இவள், அதனால் உலையக்கா. நான்கு தெரு தள்ளியிருக்கும் பிரஸ் கூடத்தில் அதைப் பூட்டி வேலை செய்கிறவன் தம்பி. ஒரு கத்திக்கு ஒரே வீட்டில் மூன்று சொந்தக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி மூன்று மாதமாக நின்றுபோயிருந்தது.

அன்று கத்தி உடைந்து, நகக்கண் அளவு துணுக்கு ஒன்று தம்பி போட்டிருந்த காப்புக் கண்ணாடியின் ஓரமாக நுழைந்துவிட்டது. எவ்வளவோ வேகத்தில் பறந்தது, அவ்வளவு பெரிய கூடத்தில் போக அதற்கு வேறு இடமே இல்லையா என்று அவள் அந்தத் துணுக்கை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. கண் இருக்கிறது, பார்வை இல்லை.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒன்று தெரியும்.

எஃகை உலையில் பளீரென்று சிவக்கக் காய்ச்சிக் காற்றில் வேகமாக ஆறவிட்டால் கெட்டியாகும். கண்ணாடிபோல் கெட்டியாகும், கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். அந்த விறைப்பைத் தணிக்க, குறைந்த சூட்டில் இன்னும் இரண்டு முறை வைத்து இறக்க வேண்டும். அதற்கு டெம்பர் என்று பெயர். இரண்டு முறை என்றால் இரண்டு முறை, அதில் பேரம் கிடையாது. அந்தக் கத்திக்கு அவள் ஒரு முறைதான் செய்திருந்தாள். இரண்டாவதற்கு உலையைத் தயார் செய்யும்போது பிரஸ் கூடத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணி, இங்க பிரஸ் சும்மா நிக்குது, மேனேஜர் என் தலையில ஏறி உட்கார்ந்திருக்காரு. சீக்கிரம் அனுப்புங்களேன்." அவளும் அனுப்பிவிட்டாள். பதினோரு வருடத்தில் அப்படி அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

இதை அவள் கணவரிடம் மட்டும் சொன்னாள், மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, அழுதுகொண்டே. மணல்காரர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"எஃகுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? நீ வேணும்னா பண்ணினே? முகத்தைக் கழுவு, அவன் முழிச்சா உன்னைத்தான் தேடுவான்."

அன்றிலிருந்து அவர் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையில் அவள் எழுவதற்கு முன் தேநீர் போட்டு வைப்பார். அவர் போடும் தேநீர் வாயில் வைக்க முடியாது, அது வேறு விஷயம். தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் அவரே செய்தார். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த மனுஷர். தம்பிக்கு ஒன்று என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் அவளைத் தேற்றத் தேற்ற, அவளுக்கு உள்ளே இன்னும் சுட்டது.

இப்போது அலமாரியைத் திறந்து அந்தத் துணியை அவிழ்க்கக் காரணம் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தம்பி வேலைக்குத் திரும்புகிறான். வேறு வேலை தருகிறோம் என்றார்கள், அவன் கேட்கவில்லை. அதே பிரஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதில் பூட்டப் புதுக் கத்தி ஒன்று வார்க்கச் சொல்லி ஆர்டரும் வந்திருந்தது. மிச்சமிருக்கிற ஒரு கண்ணுக்கு நேரே இன்னொரு கத்தியை அனுப்ப வேண்டும்.  முதல் கத்தி எதனால் உடைந்தது என்று அடிவரை தெரியாமல் இரண்டாவதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

உடைந்த கத்தியின் மிச்சத்திலிருந்து விரல் கனத்தில் இரண்டு துண்டுகள் அறுத்தாள். ஒன்றை அப்படியே வைத்தாள். இன்னொன்றுக்கு அன்றைக்கு விட்டுப்போன இரண்டாவது டெம்பரை, மூன்று மாதம் தாமதமாக, முறைப்படி செய்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குப் போனாள்.

சோதனை அறையில் இருப்பவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதையும் உருப்பெருக்கியில் பார்க்காமல் நம்பமாட்டார், மதியச் சாப்பாட்டைக்கூட ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவர் முதல் துண்டைத் தாங்கியில் வைத்து, மேலே தூக்கிக் கட்டியிருந்த ஊசல் சம்மட்டியை விட்டார். துண்டு டப்பென்று உடைந்தது. உடையுமுன் எவ்வளவு அடி தாங்கியது என்று சொல்லும் முள் நான்கைக் காட்டியது. இரண்டு டெம்பர் செய்த துண்டை வைத்தார்.  முள் ஐந்தில் நின்றது.

"நாலு, அஞ்சு. ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றார் பூதக்கண்ணாடி. "குறைஞ்சது பத்து வந்திருக்கணும்."

உடைந்த முகங்களை இருவரும் பார்த்தார்கள். கல் உப்பைக் கொட்டி ஒட்டினாற்போல் முரட்டுப் பொடியாக மின்னின. பூதக்கண்ணாடி ஒரு துண்டைத் தேய்த்து மெருகேற்றி, அமிலம் தடவி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். உள்ளே சாம்பல் நிற வயல்கள் தெரிந்தன. ஒவ்வொரு வயலைச் சுற்றியும் வெள்ளையாக, இடைவெளி இல்லாமல், ஒரு வேலி ஓடியது.

"அந்த வேலிதான் வில்லங்கம். அது வழியாத்தான் விரிசல் ஓடும். ஊத்தின பிறகு ரொம்ப நேரம் சூட்டுலயே கிடந்தா உள்ள இருக்கற கரியெல்லாம் நிதானமா ஊர்ந்து வந்து ஓரத்துல சேர்ந்துக்கும். சேர்ந்துட்டா, அப்புறம் நீங்க டெம்பர்ல தலைகீழா நின்னாலும் கரையாது."

"அப்போ இது என் உலையில வந்தது இல்லையா?"

"இல்லக்கா. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே, மணல்லயே வந்துட்டது."

அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். மறைக்க என்ன இருக்கிறது? மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று ஓடிப்போய்த் தெருவில் கத்த வேண்டும்போல் இருந்தது. நடைபாதையில் பத்து அடி நடப்பதற்குள் அந்தப் பாறாங்கல் எங்கே போய் விழுந்தது என்பது அவளுக்கு உறைத்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மணல்காரர் இங்கே வருவதற்கு முன் பதினைந்து வருடம் வார்ப்பிரும்பு ஊற்றியவர். பம்பு, சக்கரம், இயந்திரத்தின் அடிப்பீடம். வார்ப்பிரும்பை அவசரப்பட்டு வெளியே எடுத்தால் விரிசல்விட்டு விரிந்துபோகும், மணலுக்குள்ளேயே அது பாட்டுக்கு ஆற வேண்டும். அந்தப் பொறுமையை அவர் எஃகுக்கும் கொண்டுவந்தார். மற்றவர்கள் ஊற்றிய அன்றே அச்சை உடைப்பார்கள், இவர் இரண்டு நாள் தொடவிடமாட்டார். "பச்சை உடம்பு, தூங்கட்டும்" என்பார். யாராவது அச்சுப் பெட்டிமேல் தட்டினால்கூட அதட்டுவார். அந்த அக்கறையைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த மனுஷரைப் பிடித்தது. அவர் கையில் ஆற அமரக் கிடந்த வார்ப்புதான், அவர் தம்பியின் கண்ணை எடுத்திருக்கிறது. இதைப் போய் எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே விட்டால்? பழி ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது, அவளும் சுமந்து பழகிவிட்டாள். வார்ப்பை மட்டும் அவர் வேகமாக ஆறவைக்கும்படி செய்துவிட்டால் போதும். கத்தி நன்றாக வரும், தம்பி பிழைப்பான், அவர் நிம்மதியாக இருப்பார். இது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று மாலை அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, சோதிச்சுப் பார்க்க எனக்கு ரெண்டு எஃகுக் கட்டை ஊத்தித் தாங்க. ஒரே ஊத்துல. ஒண்ணை நீங்க எப்பவும் போல ரெண்டு நாள் வையுங்க. இன்னொண்ணை முக்கால் மணி நேரத்துல சிவக்கச் சிவக்க எடுத்து, ஃபேன் முன்னாடி ஆறவிட்டு, ஒரேயடியா ஜில்லுன்னு ஆகறதுக்குள்ள என்கிட்ட குடுங்க."

"முக்கால் மணி நேரமா? விரிஞ்சிடும்டி."

"விரிஞ்சா விரியட்டும். என் உலைக்கு அப்படி வந்தா தோதா இருக்குமோன்னு ஒரு யோசனை."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். இவள் இன்னும் அந்த டெம்பரையே நினைத்து மறுகுகிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. "சரி. உன் மனசு ஆறும்னா செய்யறேன்" என்றார். அவளுக்கு அழுகை முட்டியது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டாள்.

சொன்னபடியே செய்தார். சிவந்த கட்டையை மணலிலிருந்து இடுக்கியால் எடுக்கும்போது, பால் குடிக்கிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து பிடுங்குகிறவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டார் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். கட்டை விரியவில்லை. கறுத்து, ஆனால் இன்னும் அனலடிக்கும்போதே அவள் வாங்கித் தன் உலைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மற்றதும் வந்தது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காய்ச்சினாள், ஆறவிட்டாள், இரண்டு முறை டெம்பர் செய்தாள். ஒரு நிமிடம், ஒரு பாகை வித்தியாசம் கிடையாது.

சோதனையை அவர் இல்லாத நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற நாள், அவர் வரமாட்டார். ஆனால் அந்த வியாழன் மருத்துவர் விடுப்பு. அவள் சோதனை அறைக்குள் நுழைந்தால், மணல்காரர் சட்டையெல்லாம் மணலாகப் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஊத்தினவன் பார்க்க வேண்டாமா? போடுங்க" என்றார்.

அவளால் தடுக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி அவள் முகத்தைப் பார்த்தார், அதில் ஈயாடவில்லை. மெதுவாக முதல் துண்டை வைத்தார். இரண்டு நாள் மணலில் கிடந்தது. முள் ஐந்து. அடுத்தது சிவக்க எடுத்தது. சம்மட்டி இறங்கியது, சத்தமே வேறாக இருந்தது. முள் பதினொன்றைத் தாண்டி நின்றது.

மணல்காரர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று கல் உப்பு. மற்றது சலித்த மாவுபோல் மங்கிய சாம்பல் நிறம். படிக்காத மனுஷர்தான், ஆனால் உடைந்த முகத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ரெண்டும் ஒரே உலையிலதானே வெச்சே?"

"ஆமாங்க."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

"டெம்பர்?"

"ரெண்டுக்கும் ரெண்டு."

அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். "என்னங்க, நானும் ஒரு டெம்பர்தானே பண்ணினேன், என் தப்பும்தான்" என்றாள். அவர் நின்று, திரும்பி, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைப் புறங்கையால் துடைத்தார். பிறகு மணல் கூடத்துக்குப் போய்விட்டார்.

புதுக் கத்தியை மறுநாளே ஊற்றினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. முக்கால் மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, தானே அச்சை உடைத்துச் சிவக்கச் சிவக்க எடுத்தார். அவள் உலை வாசலில் காத்திருந்து வாங்கினாள். காய்ச்சி, ஆறவிட்டு, கையில் பிடிக்கிற சூடு வந்ததும் முதல் டெம்பர், பிறகு இரண்டாவது. கூடவே ஊற்றிய சோதனைத் துண்டு பன்னிரண்டு காட்டியது. பிரஸ் கூடத்தில் பூட்டி, மூன்று நாள் முழுக்க ஆளைக் கிட்டே நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தார்கள். விளிம்பில் ஒரு கீறல் இல்லை என்று செய்தி வந்தது.

அந்த நாட்களில் அவர் வீட்டில் பேச்சுக்குக்கூட வாய் திறக்கவில்லை. தேநீர் மட்டும் காலையில் தவறாமல் இருந்தது. அவள் அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். யோசித்து யோசித்து ஒரு பொய்யைக் கட்டினோமே, அதற்குப் பதில் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, அவர் மாடிப்படி ஏறினார். மாடி அறையில்தான் தம்பி இருந்தான். மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

மணல்காரர் மேசை முன் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்டா."

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவர் சொன்னார். மணல், சூடு, வேலி, நாலு, அஞ்சு, பதினொன்று என்று முன்பின்னாக, தடுமாறித் தடுமாறிச் சொன்னார். தம்பி துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான், கட்டைவிரலால் தடவினான்.

"எப்பவும் ரெண்டு நாள்தானே வெப்பே?" என்றான்.

மணல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கத்தியை மூணு நாள் வெச்சேன்."

அது அவளுக்கே தெரியாது.

"எதுக்கு?"

"ஆர்டர்ல உன் பிரஸ்ஸுக்குன்னு எழுதியிருந்துச்சு" என்றார். "நல்லா இருக்கட்டுமேன்னு, இன்னும் ஒரு நாள் விட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் கேட்டிராத சத்தம் அது.  "தம்பி, நானும் ஒரு டெம்பரை விட்டுட்டேன். உன்கிட்ட சொல்லவே இல்ல" என்று அவள் கதவருகிலிருந்தே சொன்னாள்.

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு கண்ணால் பார்ப்பதால் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"போன் பண்ணி அவசரப்படுத்தினது நான். அவசரத்துல அனுப்பினது அண்ணி. அவசரப்படாம வெச்சது நீ" என்றான். "இதுல யாரை யாரு திட்டறது? எனக்குத் தெரியல. கோபம் வருது, இல்லேங்கல. சில நாள் காலையில எழுந்ததும் வருது. ஆனா உன்னைப் பார்த்து வரமாட்டேங்குதே, நான் என்ன பண்ண?"

மேசைமேல் கிடந்த அண்ணனின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினான். ஒரு கண் போனதிலிருந்து அவனுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கை நாலு விரற்கடை முன்னாலேயே வெறும் மேசையில் இறங்கித் தடவியது. மணல்காரர் அதைப் பார்த்தார். தன் கையை மெதுவாக நகர்த்தி, தம்பி தேடிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.